பால் பம்ப் வலிக்கிறதா, பால் வரவில்லையா? முதலில் புனலை அளந்து பாருங்கள்

எங்கள் அலுவலகத்துப் பாலூட்டும் அறை, முன்பு பழைய கணினிகளைப் போட்டு வைத்திருந்த அறை. ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயின்ட், உள்பக்கம் தாழ்ப்பாள், அவ்வளவுதான். என் இரண்டு பிள்ளைகளுக்கும் அங்கே உட்கார்ந்துதான் பால் எடுத்தேன். அந்த ராசியோ என்னவோ, 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண்கள் எல்லாரும் எப்படியாவது என்னிடம் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். “அக்கா, ஒரு நிமிஷம் உள்ள வர்றீங்களா?” என்றால் எனக்கு விஷயம் தெரிந்துவிடும்.

வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் செய்துவிட்டுத்தான் வருவார்கள். பம்பின் இழுவையைக் கூட்டியிருப்பார்கள். அல்லது வேறு பம்புக்கு ஆர்டர் போட்டிருப்பார்கள். அல்லது “எனக்குப் பால் பத்தலை” என்று முடிவு கட்டியிருப்பார்கள். கடைசியாகச் சொன்னதற்கு வீட்டிலும் ஆமாம் போட்டு, சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் ஒரு சுற்று நடந்து முடிந்திருக்கும். புனலின் அளவைப் பார்த்துவிட்டு வந்தவர் அபூர்வம்.

பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். மார்பில் வைக்கும் பிளாஸ்டிக் பகுதியைப் புனல் என்கிறேன். பெட்டியில் ஃபிளாஞ்ச் என்றோ ஷீல்டு என்றோ போட்டிருக்கும். புனலின் நடுவே காம்பு உள்ளே போகும் பகுதி குழல். புனலில் பொறித்திருக்கும் 21, 24, 28 போன்ற எண், அந்தக் குழலின் உள் அகலம், மில்லிமீட்டரில். அகன்ற வாயின் அளவு அல்ல. புனலுக்குக் கீழே, பாட்டிலுக்கு மேலே, வாத்து அலகு போலவோ சின்ன வெள்ளைத் தகடு போலவோ இருக்கும் சிலிக்கான் துண்டு வால்வ்.

## எந்தத் தொல்லையானாலும் முதலில் அளவு

இதற்குக் காசு ஆகாது. பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் ஸ்கேல் போதும்.

அளக்கும் நேரம் முக்கியம். குழந்தை குடித்த உடனேயோ பால் எடுத்த உடனேயோ அளந்தால் காம்பு இழுபட்டு வீங்கி, அளவு கூடுதலாகக் காட்டும். அடுத்த முறை எடுப்பதற்கு முன்னால் அளந்துகொள்ளுங்கள். விரலால் லேசாகத் தொட்டால் காம்பு நிமிரும். கண்ணாடி முன்னால் நின்று, காம்பின் அடிப்பகுதியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை அளக்க வேண்டும். சுற்றியுள்ள கருவட்டம் கணக்கில் வராது. ஸ்கேலின் ஓரத்தில் 0-க்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். அதைச் சேர்த்து அளந்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. 1 சென்டிமீட்டர் கோட்டிலிருந்து தொடங்கி, பிறகு 10-ஐக் கழித்துவிடுவது என் பழக்கம்.

ஸ்கேல் பிடிபடவில்லை என்றால் மெல்லிய காகிதப் பட்டையை அடிப்பகுதியில் இறுக்காமல் சுற்றி, சுற்றளவை 3.14-ஆல் வகுக்கலாம். 50 மி.மீ. வந்தால் அகலம் 16 மி.மீ.

இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். இடம் 14, வலம் 17 என்று இருப்பது சாதாரணம். அதற்கு இரண்டு அளவுப் புனல் போட்டால் ஒரு தப்பும் இல்லை.

வந்த எண் நம்பும்படியாக இருக்கிறதா என்று பார்க்கப் பத்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுங்கள். அதன் அகலம் 27 மி.மீ. ‘எனக்கு 27 வந்தது’ என்றால், அந்த நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த உடனே தெரிந்துவிடும், கருவட்டத்தையும் சேர்த்து அளந்துவிட்டோம் என்று.

காம்பின் அளவு தெரிந்த பிறகு எவ்வளவு கூட்டுவது? பல கையேடுகளில் 4 மி.மீ. கூட்டச் சொல்லியிருக்கும். நான் பார்த்தவரை பெரும்பாலோருக்கு அது அதிகம். அதே அளவிலிருந்து 3 மி.மீ. கூடுதல் வரைக்கும் உள்ளதைப் போட்டுப் பார்த்து, எது வலிக்காமல் பால் தருகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். காம்பு 15 என்றால் 15, 17, 18. ஆனால் பெட்டியோடு வருவது அநேகமாக 24, சிலவற்றில் 28. குழலில் 9 மி.மீ. வெற்றிடம்! அதற்குள் கருவட்டமும் சேர்ந்து இழுபடாமல் என்ன செய்யும்?

இதற்காகப் புதிய பம்ப் வாங்க வேண்டாம். குழலுக்குள் செருகிக்கொள்ளும் சிலிக்கான் உள்வளையங்கள் 13-லிருந்து 21 வரை கிடைக்கின்றன. இன்செர்ட் என்று கேளுங்கள். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். வாங்கும்போது அது எந்த அளவுப் புனலுக்கு என்று பாருங்கள். 24-க்குச் செய்ததை 27-இல் செருகினால் ஓரத்தில் காற்று ஒழுகும். தனிப் புனலாக வாங்குவதானால் உங்கள் கம்பெனிக்கு எந்த அளவுகள் வருகின்றன என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மெடலாவில் 21, 24, 27, 30 என்று போகும். ஸ்பெக்ட்ராவில் 20, 24, 28, 32. ஒன்றின் புனலை இன்னொன்றில் அப்படியே மாட்ட முடியாது.

பிரசவமாகி முதல் வாரத்தில் இருப்பவர்கள் இப்போதைக்கு எதையும் ஆர்டர் செய்ய வேண்டாம். ஆஸ்பத்திரியில் ஏற்றிய குளுக்கோஸ் நீரும், பால் முதலில் கட்டும்போது வரும் வீக்கமும் சேர்ந்து அளவையே மாற்றிக் காட்டும். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை அளந்து, அதன்படி வாங்குங்கள்.

புதிய அளவு வந்ததும் ஐந்து நிமிட வெள்ளோட்டம், குறைந்த இழுவையில். காம்பு குழலின் நடுவில் நின்று முன்னும் பின்னும் தடையில்லாமல் போய்வர வேண்டும். பக்கச் சுவரை லேசாகத் தொட்டால் பரவாயில்லை, உரசித் தேயக் கூடாது. கருவட்டம் கொஞ்சம்கூட அசையக் கூடாது என்றில்லை. குழலுக்குள் உருண்டு திரண்டு வரக் கூடாது. எடுத்து முடித்ததும் மார்பு இளகியிருக்க வேண்டும். காம்பு போனபடியே, கிட்டத்தட்ட அதே நிறத்தில் வெளியே வர வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுங்கள். புனலையும் மாற்றி, இழுவையையும் குறைத்து, வால்வையும் புதிதாகப் போட்டால், எதனால் சரியானது என்று அடுத்த மாதம் தெரியாது.

## ஆன் செய்ததும் சுரீரென்று வலிக்கிறது

எங்கே வலிக்கிறது என்று முதலில் பாருங்கள். அதைப் பொறுத்து வழி பிரியும்.

காம்பின் நுனியில். பெரும்பாலும் இழுவை அதிகம். இழுவையைக் கூட்டினால் பால் கூடும் என்பது பம்ப் வைத்திருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது நம்பிய விஷயம், நானும்தான். வலித்தால் உடம்பு இறுகிக்கொள்ளும், பால் இறங்குவது தாமதமாகும். மிகக் குறைந்த நிலையில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். ‘கொஞ்சம் உறுத்துகிறதே’ என்று தோன்றும் இடத்தில் நிறுத்தி, ஒரு படி இறக்குங்கள். அதுதான் உங்கள் உச்சம். பக்கத்து இருக்கைக்காரி 9-இல் வைக்கிறாள் என்றால் அது அவள் பம்ப், அவள் உடம்பு.

குறைத்த பிறகும் நுனியில் வலித்தால், காம்பு குழலின் கடைசிவரை நீண்டு போய் முட்டுகிறதா என்று பாருங்கள். சிலருக்குக் காம்பு ரப்பர் போல நீளும். இவர்களுக்குப் பெரிய புனல் போட்டால் இன்னும் நீளும். சிறிய உள்வளையம், குறைந்த இழுவை, இரண்டும் சேர்ந்தால்தான் அடங்கும்.

காம்பின் பக்கவாட்டில், அடியில். நடுவில் வைக்காததுதான் முதல் சந்தேகம். குனிந்து உட்கார்ந்து எடுத்தால் புனல் கீழே சரிந்து, காம்பின் மேற்பக்கம் குழலில் தேயும். நிமிர்ந்து உட்கார்ந்து, நுனியை முதலில் குழலின் நடுவில் விட்டு, அதன் பிறகு புனலை மார்போடு சேருங்கள். சரியாக வைத்தும் தேய்ந்தால் அளவு சிறியது. ஒரு படி பெரிதாக்குங்கள். அது வந்து சேரும்வரை குழலின் உள்விளிம்பில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம். ஒரு சொட்டு என்றால் ஒரே சொட்டுதான். அதிகமானால் மார்பு வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். முடித்ததும் சோப்புப் போட்டு எண்ணெய் போகக் கழுவிவிடுங்கள்.

மார்பில், புனலின் விளிம்பு படும் இடத்தில். அழுத்திப் பிடிக்கிறீர்கள். காற்று ஒழுகாத அளவுக்குத் தொட்டிருந்தால் போதும். அழுத்தித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றால் உண்மையான கோளாறு வேறு எங்கோ காற்று ஒழுகுவது. ‘இழுவையே இல்லை’ பகுதிக்குப் போங்கள்.

மூன்றையும் பார்த்து, அளவையும் மாற்றி, இரண்டு மூன்று நாளுக்குப் பிறகும் வலி இருந்தால், அல்லது காம்பில் வெடிப்போ கசிவோ இருந்தால், தாய்ப்பால் ஆலோசகரிடம் காட்டுங்கள். குழந்தை நேரடியாகக் குடிக்கும்போதும் அதே வலி வருகிறதென்றால் பம்ப் மேல் பழி போட்டுப் பயனில்லை. குழந்தை வாய் வைக்கும் விதத்தைத்தான் பார்க்க வேண்டும், அதற்குக் கண்ணால் பார்க்கும் ஆள் வேண்டும்.

## எடுத்து முடித்ததும் காம்பு வெளுத்துப் போகிறது

உடனே ஒரு கேள்வி: வெளுப்பது மட்டும்தானா, அல்லது வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு சிவந்து, கூடவே ஊசி குத்துவது போல எரிச்சலுமா?

வெளுப்பு மட்டும் என்றால் குழல் சிறியதாக இருந்து காம்பைப் பிதுக்கியிருக்கும், அல்லது இழுவை அதிகம். இழுவையைக் குறைத்து ஒரு நாள் பாருங்கள். மாறவில்லை என்றால் அளவை ஒரு படி ஏற்றுங்கள்.

நிறம் இரண்டு மூன்றாக மாறி எரிந்தால் அது ரத்தக் குழாய் சுருங்கிக்கொள்வது. குளிரில் மோசமாகும். எங்கள் அறையில் ஏசி நேரே நாற்காலி மேல் வீசும். அங்கே எடுத்தால் எரிகிறது, வீட்டில் எடுத்தால் இல்லை என்று ஒருத்தி சொன்னபோதுதான் எனக்கே விளங்கியது. நாற்காலியைத் தள்ளிப் போட்டோம். எடுத்து முடித்த நொடியில் காம்பை மூடிவிட வேண்டும், ஈரத்தோடு காற்றில் விடக் கூடாது. உள்ளங்கைச் சூடோ இஸ்திரி போட்ட துணியின் வெதுவெதுப்போ போதும். குளிரில் கைவிரல்களும் இதே போல் வெளுக்கும் என்பவர்கள், எரிச்சல் நாள்தோறும் வருகிறது என்பவர்கள் மருத்துவரைப் பாருங்கள். இதற்கு மருந்து உண்டு, சகித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

## கருவட்டமும் உள்ளே போய் வளையம் போல வீங்குகிறது

நான் அதிகம் பார்த்தது இதுதான். புனல் பெரிது. வேறு காரணம் தேட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய புனலில் பல சமயம் வலி இருக்காது, சொகுசாகக்கூட இருக்கும். அதனால்தான் மாதக்கணக்கில் யாரும் சந்தேகப்படுவதில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு தங்கை நாலு மாதம் 28-ஐப் போட்டு, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கும்போது காம்பைச் சுற்றி வடை போல ஒரு வளையம் நிற்கும். அளந்தால் 16. 17 உள்வளையம் போட்ட பிறகு முதல் இரண்டு நாள் “இறுக்கமா இருக்கு அக்கா” என்று முகம் சுளித்தாள், அப்புறம் பழகிவிட்டது. இருபது நிமிடத்தில் எழுந்து வர ஆரம்பித்தாள்.

அளவைக் குறைக்கும்போது 28-லிருந்து ஒரேயடியாக 17-க்குத் தாவினால் பயந்துபோய் விட்டுவிடுவார்கள். 21 போட்டு ஒரு நாள், 19 போட்டு ஒரு நாள் என்று இறங்கினால் மனசும் ஒத்துழைக்கும். உள்வளையங்கள் தொகுப்பாக வருவது இதற்கு வசதி. சரியான அளவு போட்டும் வளையம் வீங்குகிறதா? எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். பால் நின்ற பிறகும் அரை மணி நேரம் ஓடவிட்டால் எந்த அளவிலும் வீங்கும்.

## வலி இல்லை, ஆனால் பால் வரவில்லை

முதலில் எதிர்பார்ப்பை அளந்துவிடுவோம். நேரடியாகவும் பாலூட்டிக்கொண்டு நடுவில் எடுக்கிறீர்கள் என்றால், இரண்டு பக்கமும் சேர்த்து 15-லிருந்து 60 மி.லி. வருவது வழக்கம்தான். ஒரு வேளைப் பாலுக்குப் பதிலாக எடுத்தால் 60-லிருந்து 120. ஃப்ரீசர் நிறைய பால் பைகளை அடுக்கி எடுத்த படங்களை வைத்து உங்களை அளக்காதீர்கள்.

அதற்கும் குறைவு என்றால் இந்த வரிசையில் போங்கள்.

பட்டன். பம்பில் இரண்டு வேகம் இருக்கும். லேசாக வேகமாக இழுப்பது பாலை வரவழைக்க. மெதுவாக ஆழமாக இழுப்பது எடுக்க. சிலர் முதல் வேகத்திலேயே இருபது நிமிடமும் ஓட்டுவார்கள், சிலர் முதல் வேகத்தைத் தொடுவதே இல்லை. பால் பீய்ச்ச ஆரம்பித்ததும் இரண்டாவதற்கு மாற்றுங்கள். ஓட்டம் நின்றால் மறுபடி முதல் வேகம் இரண்டு நிமிடம், பிறகு இரண்டாவது. பெரும்பாலும் இன்னொரு முறை இறங்கும்.

மனசு. கதவைத் தட்டிக்கொண்டே இருந்தால் பால் இறங்காது. தாழ்ப்பாள், குழந்தையின் வீடியோ, குழந்தை போட்ட சட்டை, இவற்றில் எது உதவுமோ அது. பாட்டிலையே பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். நான் ஒரு காலுறையை பாட்டிலுக்கு மாட்டிவிடுவேன்.

வால்வ். முன்பு வந்தது, போன இரண்டு வாரமாகக் குறைகிறது என்றால் நேரே இதற்குத்தான் போக வேண்டும். சோதனை அடுத்த பகுதியில்.

அளவு. மேலே சொன்னபடி.

கை. எடுக்கும்போதே இன்னொரு கையால் மார்பை மென்மையாகப் பிடித்து அழுத்தி விடுங்கள். பம்ப் மட்டும் எடுப்பதைவிடக் கூடுதலாக வரும். கட்டை விரலும் மற்ற விரல்களும் கருவட்டத்துக்குச் சற்று வெளியே இருக்க வேண்டும். முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து, விட வேண்டும். காம்பை நோக்கி வழித்து இழுக்கக் கூடாது. கரண்ட் போன நாளில் சார்ஜும் இல்லை என்றால் இதே கைதான் பம்ப்.

இத்தனைக்குப் பிறகும் குறைவாகவே இருந்தால், பம்பில் வருவதை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் பால் இருக்கிறது, பம்புக்குத்தான் வரத் தெரியவில்லை. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அன்றைக்கே குழந்தை மருத்துவர். இதில் காத்திருந்து பார்ப்பது என்ற பேச்சே கிடையாது.

## இழுவையே இல்லை, சத்தம் மட்டும் வருகிறது

இதில் உடம்புக்குச் சம்பந்தமே இல்லை, அதனால் எனக்குப் பிடித்த கோளாறு. புனலின் வாயை உள்ளங்கையால் மூடி ஆன் செய்யுங்கள். கையை இழுத்துப் பிடிக்கிறதா? பிடித்தால் பம்ப் நன்றாக இருக்கிறது. வைக்கும் விதத்தையும் அளவையும் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் தொடருங்கள்.

வால்வைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வாத்து அலகின் கீறல் மூடியே இருக்க வேண்டும். இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. தகடு வகையானால் ஓரம் சுருண்டிருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரஷ்ஷை அந்தக் கீறலுக்குள் விட்டுக் கழுவுபவர்களுக்கு இது சீக்கிரமே வரும். தினமும் பல முறை எடுப்பவர்கள் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வை மாற்ற வேண்டியிருக்கும். எப்போதாவது எடுப்பவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் வரும். கைப்பையில் ஒரு உபரி வால்வ் இருக்கட்டும்.

போர் தண்ணீரில் பாகங்களைக் கொதிக்கவிடுகிறீர்களா? உப்புத் தண்ணீரின் வெள்ளைப் படிவம் வால்வின் உதட்டில் ஒட்டினால் அது சரியாக மூடாது. நகத்தால் சுரண்டாமல், கொஞ்சம் வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துக் கழுவினால் போய்விடும். கொதிக்கவிட கேன் தண்ணீர் நல்லது. ஐந்து நிமிடம் போதும்; காற்றுக் குழாயையும் மோட்டாரையும் கொதிக்கப் போடவே கூடாது.

அடுத்தது குழாய். இரண்டு முனையும் இறுகச் செருகியிருக்கிறதா, எங்காவது விரிசல் உண்டா? உள்ளே நீர்த்துளி இருந்தால் புனலை மாட்டாமல் குழாயை மட்டும் மாட்டி சில நிமிடம் ஓடவிட்டால் உலர்ந்துவிடும். பாலோ கறுப்புப் புள்ளியோ தெரிந்தால் குழாயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், கழுவிப் பார்க்க வேண்டாம். குழாய்க்கும் புனலுக்கும் நடுவே பால் பின்னால் போகாமல் தடுக்கும் சின்னக் கிண்ணம் போன்ற பாகம் இருந்தால், அதன் சவ்வு முழுக்கக் காய்ந்து, நேராக உட்கார்ந்திருக்க வேண்டும். அவசரத்தில் ஈரத்தோடு மாட்டியதால் வந்த புகார்கள் ஏராளம்.

சார்ஜ் குறைந்தால் சில பம்புகளின் இழுவையும் குறையும். நேரடியாக பிளக்கில் போட்டுப் பாருங்கள்.

இரட்டைப் பம்பில் ஒரு பக்கம் மட்டும் பலவீனம் என்றால், இடது வலது பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் போடுங்கள். வால்வை மாற்றியதும் பலவீனமும் பக்கம் மாறினால் வால்வ். குழாயோடு போனால் குழாய். எதை மாற்றினாலும் மோட்டாரின் அதே துளையில் நின்றால் மோட்டார். எல்லா பாகமும் சரியாக இருந்தும் ஒரு மார்பில் மட்டும் குறைவாக வருகிறதென்றால் அது கோளாறே அல்ல. இரண்டு பக்கமும் ஒரே அளவு சுரப்பவர் குறைவு.

மோட்டார்தான் என்றால் உத்தரவாதச் சீட்டை எடுத்துக்கொண்டு சேவை மையம். நீங்களே திறக்காதீர்கள். அக்காவிடமிருந்தோ நாத்தனாரிடமிருந்தோ வந்த பழைய பம்ப் என்றால் இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். மோட்டார் ஏற்கெனவே உழைத்து ஓய்ந்திருக்கும். அதோடு, பால் பின்னால் போகாதபடி மூடிய அமைப்பு இல்லாத பம்பானால் மோட்டாருக்குள் பழைய பால் போயிருக்கலாம், அதைக் கழுவ முடியாது. புனல், வால்வ், குழாய் எல்லாம் புதிதாக வாங்கினாலும் இந்தக் கடைசிச் சிக்கல் தீராது.

## எடுத்த பிறகும் கட்டியாக இருக்கிறது

ஒரு இடத்தில் மட்டும் பட்டாணி போலவோ கயிறு போலவோ நெருடுகிறது, காய்ச்சல் இல்லை என்றால், ஒரு நாள் வீட்டில் பார்க்கலாம். பிராவும் துப்பட்டாவும் அந்த இடத்தை இறுக்குகிறதா என்று பாருங்கள். புனலின் விளிம்பு தினமும் அதே இடத்தில் பதிகிறதா? வழக்கம்போல் பாலூட்டுங்கள், வழக்கம்போல் எடுங்கள். கரைய வேண்டும் என்று மணிக்கொரு முறை எடுத்தால் சுரப்பு கூடிக் கட்டியும் கூடும். எடுத்த பிறகு துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம்.

வீட்டில் பெரியவர்கள் இரண்டு வைத்தியம் சொல்வார்கள். ஒன்று, அழுத்தித் தேய்த்துக் கரைப்பது. வேண்டாம், உள்ளே வீக்கம் கூடும்; தடவுவதானால் தோலை வருடுவது போலத்தான். இன்னொன்று, மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவது. அது பாலை வற்ற வைக்கச் செய்யும் கைவைத்தியம். தொடர்ந்து பால் கொடுக்க நினைப்பவர்கள் அத்தையிடம் பக்குவமாகச் சொல்லி பூவைத் தலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், தோல் சிவந்து சூடாவது, ஒரு நாளாகியும் குறையாத கட்டி, இவற்றில் எது வந்தாலும் மருத்துவர்தான். இரவு காய்ச்சல் அடித்தால் காலையில் முதல் வேலையாகப் போங்கள். அதுவரை பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். பாலைத் தேங்கவிட்டால் நிலைமை மோசமாகும்.

## பாலில் சிவப்பு

காம்பில் வெடிப்பு இருந்தால் அங்கிருந்துதான் ரத்தம். இழுவையைக் குறைத்து, அளவைச் சரிசெய்து, புண் ஆறும்வரை அந்தப் பக்கம் கையால் எடுங்கள். லேசாக ரத்தம் கலந்த பாலைக் குழந்தை குடித்தால் கெடுதல் இல்லை. வெடிப்பே இல்லாமல் சிவப்பு ஒரு வாரத்துக்கு மேல் வந்தாலும், ஒரே பக்கம் ஒரே துளையிலிருந்து வந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

## பிராவுக்குள் வைக்கும் பம்பில் ஒழுகுகிறது

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாததுதான் இதன் கோளாறு. கண்ணாடி முன் நின்று, காம்பு நடுவில் இருக்கும்படி வைத்த பிறகே பிராவை ஏற்றுங்கள். இறுக்கமான பிரா பம்பை அழுத்தி வழிய விடும், தளர்ந்த பிரா கீழே தொங்க விடும். குனிந்து பையை எடுப்பதெல்லாம் முடித்த பிறகு. இவற்றுக்கு உள்வளையம் 27 புனலுக்கானதாகக் கேட்க நேரலாம், பெட்டியைப் பாருங்கள்.

## ஆலோசகரிடம் போகும்போது

பெரிய மகப்பேறு மருத்துவமனைகளில் தாய்ப்பால் ஆலோசகர் இருப்பார். அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி இருக்கும் இடங்களில், சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போல, தினமும் தாய்மார்கள் பால் எடுப்பதைப் பார்த்துப் பழகிய செவிலியர்கள் இருக்கிறார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

பம்பை முழுசாக, எல்லா பாகங்களோடும் சார்ஜரோடும் எடுத்துப் போங்கள். “24 போட்டிருக்கேன்னு நினைக்கிறேன்” என்று வாயால் சொல்வதைவிட அந்தப் புனலே பேசும். அளந்த எண், இழுவை எந்தப் படியில், எத்தனை நிமிடம், எவ்வளவு மி.லி. என்று மூன்று நாள் கணக்கு ஒரு தாளில். எடுத்து முடித்த உடனே காம்பைப் படம் பிடித்து வைத்திருந்தால் வெளுப்பா வளையமா என்று அவரே பார்த்துக்கொள்வார். பத்து நிமிடத்தில் அது மறைந்துவிடும். முக்கியமாக, கிளம்புவதற்கு முன் பால் எடுத்துவிட்டுப் போகாதீர்கள். அங்கே அவர் கண் முன்னால்தான் எடுக்க வேண்டும்.